மாஸ்கோ கன்சர்வேட்டரியில் சாய்கோவ்ஸ்கியின் பியானோ ட்ரியோ: முதல்முறை போகிறவர் எதைக் கேட்க வேண்டும்?

கேள்வி: மாஸ்கோவில் மருத்துவம் படிக்கிறேன். அடுத்த வாரம் கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியின் சிறிய அரங்கத்தில் ஒரு பியானோ ட்ரியோ கச்சேரிக்கு டிக்கெட் கிடைத்திருக்கிறது. முதலில் அரென்ஸ்கி, இடைவேளைக்குப் பிறகு சாய்கோவ்ஸ்கி. வீட்டில் கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவன் நான். மேற்கத்திய இசையில் நாலைந்து சிம்பொனிகளைத் தவிர வேறெதுவும் தெரியாது. பியானோ, வயலின், செல்லோ என்று மூன்றே வாத்தியங்கள், சாய்கோவ்ஸ்கி மட்டுமே முக்கால் மணி நேரத்துக்கு மேல் போகும் என்கிறார்கள். எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது?

பதில்:

நீங்கள் கேட்கப்போகும் சாய்கோவ்ஸ்கி ட்ரியோ முதன்முதலில் ஒலித்ததே அந்தக் கன்சர்வேட்டரியில்தான். தேதி 1882 மார்ச் 23. ரஷ்யாவின் பழைய நாட்காட்டிப்படி மார்ச் 11. அது பொதுக் கச்சேரி இல்லை. சரியாக ஓராண்டுக்கு முன் அதே நாளில் பாரிஸில் இறந்துபோன நிக்கோலாய் ரூபின்ஸ்டைனுக்காக அவருடைய கன்சர்வேட்டரி செய்த நினைவு நாள் வாசிப்பு. பியானோவில் தனேயெவ், வயலினில் ஹ்ரிமாலி, செல்லோவில் ஃபிட்சென்ஹாகன். மூவரும் அங்கேயே பாடம் நடத்தியவர்கள். எழுதியவர் அன்று அங்கே இல்லை, இத்தாலியில் இருந்தார்.

இன்றைய கட்டடம் அப்போது இல்லை. நீங்கள் உட்காரப்போகும் சிறிய அரங்கம் 1898இல் வந்தது, பெரிய அரங்கம் 1901இல். ஆனால் இடம் அதேதான், போல்ஷாயா நிகித்ஸ்காயா தெரு. வாசலில் சாய்கோவ்ஸ்கி சிலை இருக்கும். 1954இல் வைத்தது, வேரா முகினா வடித்தது. சிலையைச் சுற்றியுள்ள கம்பி வேலியைப் பாருங்கள், அவருடைய இசைக் குறிப்புகளையே அதில் வார்த்திருக்கிறார்கள். உள்ளே போவதற்கு முன் அங்கே இரண்டு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள்.

இந்த ரூபின்ஸ்டைன் யார் என்று தெரிந்தால் பாதி இசை தானாகவே புரிந்துவிடும். 1866இல் மாஸ்கோ கன்சர்வேட்டரியைத் தொடங்கியவர், கடைசி வரை அதன் தலைவராக இருந்தவர், பெரிய பியானோ கலைஞர். படிப்பை அப்போதுதான் முடித்திருந்த சாய்கோவ்ஸ்கியைப் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து கூட்டிவந்து ஆசிரியர் வேலை கொடுத்தார். தன் வீட்டிலேயே தங்க வைத்தார். முதல் சிம்பொனி, ரோமியோ ஜூலியட், நாலாவது சிம்பொனி என்று அவருடைய முக்கியமான படைப்புகளை முதன்முதலில் மேடையேற்றியவரும் அவரே. 1879இல் யெவ்கெனி ஒனேகின் ஓபராவைக் கன்சர்வேட்டரி மாணவர்களை வைத்தே நடத்திக் காட்டினார்.

அதே மனிதர்தான் 1874 கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலையில், கன்சர்வேட்டரி வகுப்பறை ஒன்றில், சாய்கோவ்ஸ்கியின் முதல் பியானோ கான்செர்ட்டோவை (பியானோவை முன்னிறுத்தி ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் படைப்பு) கேட்டுவிட்டு, இது தேறாது, வாசிக்கவே முடியாது, திருத்தி எழுது என்று கடுமையாகச் சொன்னார். ஒரு ஸ்வரத்தைக்கூட மாற்ற மாட்டேன் என்று சாய்கோவ்ஸ்கி எழுந்து போய்விட்டார். அந்த கான்செர்ட்டோவின் முதல் கச்சேரி அடுத்த ஆண்டு அமெரிக்காவில், பாஸ்டனில் நடந்தது. பிறகு ரூபின்ஸ்டைன் தன் கருத்தை மாற்றிக்கொண்டு அதை மாஸ்கோவில் நடத்தினார், அப்புறம் தானே வாசிக்கவும் செய்தார். ஆக, இந்த ட்ரியோ ஒரு புனிதருக்குப் பாடிய துதி இல்லை. சோறு போட்டவர், திட்டியவர், தூக்கிவிட்டவர் எல்லாம் ஒருவராகவே இருந்த மனிதருக்காக எழுதியது. அந்தச் சிக்கலான அன்பு இதில் கேட்கிறது என்றே எனக்கு எப்போதும் தோன்றும்.

சரி, இனி ஓசைக்கு வருகிறேன். நீங்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டிய இடம் இதுதான்.

பியானோவில் கம்பியைச் சுத்தி தட்டுகிறது. தட்டிய கணத்தில் பிறக்கும் ஒலி அந்தக் கணத்திலிருந்தே தேயத் தொடங்குகிறது. வாசிப்பவர் என்ன செய்தாலும் அதை நடுவில் வளர்க்க முடியாது. வயலினுக்கும் செல்லோவுக்கும் வில் இருக்கிறது. ஒரு ஸ்வரத்தை மெல்லத் தொடங்கிப் பெருக்கலாம், நீட்டலாம், நடுங்க விடலாம், அடுத்த ஸ்வரத்துக்கு இழைந்து போகலாம். பியானோவில் சுருதி கட்டைக்குக் கட்டை முன்பே அறுதியானது. வயலினில் அதை விரல்தான் தேடுகிறது. இந்த இரண்டு இனமும் ஒன்றாக வாசித்தால் எளிதில் கலக்காது. பியானோ கொஞ்சம் ஓங்கினால் செல்லோ காணாமல் போகும், ஏனென்றால் அதன் குரலும் பியானோ இடது கையின் குரலும் கிட்டத்தட்ட ஒரே எல்லைக்குள் இருப்பவை.

இந்தச் சிக்கலைச் சாய்கோவ்ஸ்கியே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அவருக்குப் பண உதவி செய்துவந்த நதேஷ்தா ஃபான் மெக் என்ற சீமாட்டி 1880இல் தன் வீட்டில் ஒரு ட்ரியோ குழுவை வைத்திருந்தார். அதில் பியானோ வாசித்த பதினெட்டு வயதுப் பையன் யார் தெரியுமா? பிற்காலத்தில் உலகம் கொண்டாடிய டெபுஸி. நீங்களும் ஒரு ட்ரியோ எழுதக்கூடாதா என்று அந்த அம்மாள் கேட்டார். உங்களுக்காக எதையும் செய்வேன், ஆனால் பியானோவை வயலினோடும் செல்லோவோடும் சேர்த்துக் கேட்பதை என் காது தாங்காது, அந்த ஓசைகள் ஒன்றையொன்று தள்ளிவிடுகின்றன, எனக்கு அது சித்திரவதை என்கிற மாதிரி சாய்கோவ்ஸ்கி பதில் எழுதினார். டெபுஸி அதே ஆண்டு தன் பங்குக்கு ஒரு ட்ரியோ எழுதிவிட்டார். அது வேறு கதை.

அடுத்த ஆண்டு ரூபின்ஸ்டைன் இறந்தார். 1881 டிசம்பரில் ரோமில் உட்கார்ந்து, தான் வெறுத்த அதே மூன்று வாத்தியங்களுக்குச் சாய்கோவ்ஸ்கி எழுதத் தொடங்கினார். போன வருடம் மறுத்தேனே, இப்போது அதையேதான் செய்துகொண்டிருக்கிறேன் என்று ஃபான் மெக்குக்குத் தெரிவித்தார். முடித்த பிறகும் பயம் போகவில்லை. வாழ்நாளெல்லாம் ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதியவன், சிம்பொனியைத்தான் ட்ரியோவாக மாற்றி வைத்திருக்கிறேனோ என்று கவலைப்பட்டிருக்கிறார்.

ஏன் இந்த வடிவம்? இறந்தவர் பியானோ கலைஞர், அதனால் நடுவில் பியானோ இருக்க வேண்டும் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். இரண்டாவதாக ஒன்று எனக்குத் தோன்றுகிறது. என் கருத்துதான், சாய்கோவ்ஸ்கி எங்கும் இப்படிச் சொன்னதில்லை. தட்டியவுடன் தேயும் ஒலி ஒரு பக்கம், விடாமல் இழுத்துப் பிடிக்கும் ஒலி மறு பக்கம். போனவரையும் இருப்பவர்களையும் பற்றி எழுத இதைவிடப் பொருத்தமான கூட்டு எது? எந்த ஒட்டாமையைக் குறையென்று சொன்னாரோ அதையே இந்த இசையின் பொருளாக்கிவிட்டார். இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கேட்டால் போதும், நீளம் உங்களைப் பயமுறுத்தாது.

உங்கள் கர்நாடகக் காதுக்கு ஒரு குறிப்பு. நம் கச்சேரியில் வயலின் பாடகரின் பின்னால் நிழலாகப் போகும். இங்கே நிரந்தரமாக யாரும் பக்கவாத்தியம் இல்லை. யார் முன்னால், யார் பின்னால் என்பது நிமிடத்துக்கு நிமிடம் மாறும். இந்த ட்ரியோவுக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பு இப்படி இல்லை. ஹைடன் காலத்து ட்ரியோவைப் பியானோ சொனாட்டா, கூடவே வயலினும் செல்லோவும் என்றுதான் அச்சிட்டு விற்றார்கள். செல்லோ பெரும்பாலும் பியானோவின் இடது கையை அப்படியே பின்தொடரும். அன்றைய பியானோவின் கீழ்க்குரல் மெலிந்தது, அதற்குத் தாங்கல் தேவைப்பட்டது. 1795இல் வந்த பீத்தோவனின் முதல் மூன்று ட்ரியோக்களிலிருந்துதான் மூன்று வாத்தியங்களும் சமமாகப் பேசத் தொடங்கின என்று பொதுவாகச் சொல்லலாம்.

சாய்கோவ்ஸ்கி ட்ரியோவில் இரண்டே பகுதிகள். முதலாவதன் பெயரே இரங்கல் என்ற பொருளில்தான் இருக்கிறது. பியானோ மெல்ல அலையடிக்க, செல்லோ முதலில் பாடும். பிறகு அதே மெட்டை வயலின் வாங்கிக்கொள்ளும். இந்த மெட்டை நன்றாக மனதில் பதித்துக்கொள்ளுங்கள், அது மறுபடி வரும். கொஞ்ச நேரத்தில் வேகம் கூடி, பியானோ பெரிய கோர்வைகளாக (நம் தாளக் கோர்வை இல்லை, ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் பல ஸ்வரங்கள்) முழங்கும். ஆர்கெஸ்ட்ரா போல இருக்கிறதே என்று நினைப்பீர்கள். அவர் பயந்த இடம் இதுதான். நல்ல கலைஞர்கள் இங்கே பியானோவை அடக்கி வாசிப்பதில்லை, வில்லுக்கு மூச்சுவிட இடம் கொடுத்து வாசிப்பார்கள். பகுதியின் பிற்பாதியில் எல்லாம் அடங்கி, ஆரம்ப மெட்டு இன்னும் மெதுவாக, வயலினில் திரும்பி வரும். பியானோ அப்போது அலையடிக்காது, கோர்வைகளை மட்டும் வைத்துக்கொண்டு போகும். ஒவ்வொரு கோர்வையும் தேய்வதை, அதன் மேல் வயலின் மட்டும் நீடிப்பதைக் கேளுங்கள். முழு ட்ரியோவிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

இரண்டாவது பகுதி ஒரு மெட்டும் அதன் மாறுபாடுகளும். மெட்டைப் பியானோ தனியாகச் சொல்லும். எளிமையான, நாட்டுப்பாடல் சாயல் உள்ள மெட்டு. 1873 வசந்தத்தில் ரூபின்ஸ்டைனும் சாய்கோவ்ஸ்கியும் கன்சர்வேட்டரி நண்பர்களோடு ஊருக்கு வெளியே உல்லாசமாகப் போயிருந்தபோது குடியானவர்கள் பாடிய பாட்டின் நினைவு அதில் இருக்கிறது என்று நண்பர் காஷ்கின் வழியாக ஒரு கதை வழங்குகிறது. ஒவ்வொரு மாறுபாடும் ரூபின்ஸ்டைன் வாழ்க்கையின் ஒரு காட்சி என்றும் பேசிக்கொண்டார்கள். அப்படி எதையும் நினைத்து எழுதவில்லை என்று சாய்கோவ்ஸ்கி மறுத்தார். அதனால் இது பிக்னிக், இது சண்டை என்று படம் ஓட்டிக்கொண்டு கேட்க வேண்டாம்.

மாறுபாடுகள் பதினொன்று. எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், சிலதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்றாவதில் பியானோ துள்ளி ஓட, வயலினும் செல்லோவும் வில்லை விட்டு விரலால் கம்பியைச் சுண்டும். வில் வாத்தியமும் இங்கே பியானோ மாதிரியே தொட்டவுடன் தேயும் ஒலியைத்தான் கொடுக்கிறது, கவனியுங்கள். ஐந்தாவது, சாவி கொடுத்த இசைப்பெட்டி போல பியானோவின் மேல் கோடியில் கிணுகிணுக்கும். கீழே வயலினும் செல்லோவும் தம்புரா மாதிரி ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டிருக்கும். அங்கே நீங்கள் வீட்டில் இருப்பதுபோல உணர்வீர்கள். ஆறாவது வால்ட்ஸ் நடனம். எட்டாவது ஃபியூக், ஒரே வாக்கியத்தை மூன்று பேரும் மாறி மாறித் துரத்துவது. இதை விட்டுவிட்டும் வாசிக்கலாம் என்று சாய்கோவ்ஸ்கியே அனுமதித்திருக்கிறார், அதனால் உங்கள் கச்சேரியில் வராமலும் போகலாம். ஒன்பதாவதில் வில் வாத்தியங்கள் ஒலியை அடக்கும் மியூட் மாட்டிக்கொண்டு, கம்மிய குரலில் அழும். உடனே பத்தாவதில் மஸூர்கா நடனம்! துக்க வீட்டில் பழைய கதை ஒன்று கிளம்பி நாலு பேர் சிரிப்பார்களே, அந்த மாதிரி. அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

அரென்ஸ்கியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது வழிகாட்டி இல்லாமலே மனதில் நிற்கும் இசை. 1894இல் எழுதியது. இதுவும் நினைவஞ்சலிதான்: செல்லோ மேதை கார்ல் தவீதவுக்கு. அரென்ஸ்கி பீட்டர்ஸ்பர்க் கன்சர்வேட்டரியில் படித்தபோது அதன் தலைவராக இருந்தவர் அவர். மூன்றாவது பகுதியில் செல்லோ மியூட் மாட்டிக்கொண்டு மெட்டைத் தொடங்கும், அப்போது பேசாமல் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். கடைசிப் பகுதியின் முடிவில் முதல் பகுதியின் மெட்டு மறுபடி எட்டிப்பார்க்கும்.

இறந்தவருக்கு ட்ரியோ எழுதுவது சாய்கோவ்ஸ்கிக்குப் பிறகு ரஷ்யாவில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. 1893 நவம்பரில் சாய்கோவ்ஸ்கி இறந்ததும், இருபது வயது ரக்மானினோவ் அவருக்காக ஒரு ட்ரியோ எழுதினார். கன்சர்வேட்டரியில் படிப்பை முடித்து ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. வடிவத்தைக்கூட சாய்கோவ்ஸ்கியிடமிருந்தே எடுத்துக்கொண்டார், நடுவில் மாறுபாடுகள். அந்த ரக்மானினோவுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்களில் அரென்ஸ்கியும் ஒருவர், தனேயெவும் ஒருவர். 1944இல் ஷோஸ்டகோவிச் தன் நண்பர் சொல்லெர்தின்ஸ்கி நினைவாக எழுதிய இரண்டாவது ட்ரியோவும் இந்த வரிசைதான். அதன் தொடக்கத்தில் செல்லோ கம்பியை முழுதாக அழுத்தாமல் தொட்டு மட்டும், வயலினைவிட உயர்ந்த மெல்லிய குரலில் பாடும். யார் பாடுகிறார் என்று முதல் முறை கேட்கிற எவருக்கும் தெரியாது. இதன் கச்சேரி எப்போதாவது வந்தால் தவற விடாதீர்கள்.

போவதற்கு முன் ஒரு பதிவு கேட்க நேரமிருந்தால், ஓய்ஸ்ட்ராக், க்னுஷெவிட்ஸ்கி, ஓபரின் மூவரும் சேர்ந்து வாசித்ததைத் தேடுங்கள். மூவரும் மாஸ்கோ கன்சர்வேட்டரி ஆசிரியர்கள், 1940களிலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஒன்றாக வாசித்தவர்கள். வாசிப்பில் அலங்காரம் இல்லை. ஒருவருக்கொருவர் வழிவிடுவது பழகிய குடும்பம் சாப்பாட்டு மேசையில் பேசுவது போல இருக்கும். ஆனால் முழுவதையும் கேட்க வேண்டாம். முதல் பகுதியையும், இரண்டாவதன் மெட்டையும் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். மீதி நேரில் புதிதாக இருக்கட்டும்.

அரங்க விஷயம் கொஞ்சம். கோட்டைக் கீழே கார்தெரோபில் கொடுத்துவிட வேண்டும், அதற்கு வரிசை இருக்கும், அரை மணி நேரம் முன்னதாகவே போங்கள். மூன்று முறை மணி அடிப்பார்கள், மூன்றாவதற்குள் இருக்கையில் இருக்க வேண்டும். இடம் மாற்றிக்கொள்ள வழியிருந்தால் முதல் வரிசைகளைத் தவிர்த்து நடுவில் உட்காருங்கள். முன்னால் இருந்தால் பியானோவின் மூடியிலிருந்து வரும் ஒலி மற்ற இரண்டையும் அமுக்கிவிடும். வாசிப்பவர்களின் முகத்தையும் பாருங்கள். நடத்துநர் இல்லாததால் மூச்சாலும் புருவத்தாலும்தான் சைகை கொடுத்துக்கொள்வார்கள். தொடங்குவதற்கு முன் வயலின்காரர் மூச்சை இழுப்பது சிறிய அரங்கத்தில் காதிலேயே விழும். பகுதிக்கும் பகுதிக்கும் நடுவே கைதட்ட வேண்டாம். நம் சபாக்களில் நல்ல சங்கதிக்கு பலே போடுவோம், தலையாட்டுவோம். அங்கே எல்லாவற்றையும் கடைசிக்குச் சேர்த்து வைத்துத் தருவார்கள், அப்போது சளைக்காமல் தருவார்கள். பூ வாங்கிப் போவதானால் ஒற்றைப்படையில் வாங்குங்கள். இரட்டைப்படைப் பூக்கள் ரஷ்யாவில் சாவு வீட்டுக்கு மட்டும்.

இனி முடிவு. பதினொன்றாவது மாறுபாட்டுக்குப் பிறகு வேகமான, ஆரவாரமான ஒரு நீண்ட பகுதி வரும். வெற்றியோடு முடியப் போகிறது என்று நினைக்கும்போது, நான் பதித்துக்கொள்ளச் சொன்ன அந்த முதல் மெட்டு, செல்லோ தனியாகப் பாடியது, வயலினும் செல்லோவும் சேர்ந்து முழுக்குரலில் அலற, பியானோவின் அலைகளுக்கு மேலே திரும்பி வரும். முதல் முறை நேரில் கேட்டபோது இந்த இடத்தில் எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. அதன் பிறகு சவ ஊர்வலத்தின் நடை. வில் வாத்தியங்களில் மெட்டு துண்டு துண்டாக உதிரும். விடாமல் பிடித்துக்கொண்டிருந்த அந்த இரண்டு குரல்களும் ஓய்ந்துபோக, பியானோவின் அடிகள் ஒவ்வொன்றாக விழுந்து தேயும். கடைசிக் கோர்வை அடங்கிய பிறகும் பியானோ கலைஞரின் கை கட்டைகளின் மேலேயே இருக்கும். அவர் அதை எடுத்து மடியில் வைக்கும் வரை கைதட்டாதீர்கள்.